முக்கால் படி குடவாழை

துரைராசுவின் அம்பாசிடர் காருக்கு உடம்பு ஓரிடத்தது, உயிர் வேறிடத்தது. பெட்ரோல் விலை ஒரே மூச்சில் ஏறிய வருஷம், மார்கழி மாதத்தில், அதன் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, நாகப்பட்டினம் கரையில் புயலுக்கு உடைந்த ஒரு விசைப்படகின் டீசல் இன்ஜினை அதற்குள் இறக்கி வைத்தான் காயாரோகணம். படகு இன்ஜின் காரில் ஓடுமா என்று கீழ்வேளூர் கடைத்தெருவில் கேட்காத ஆள் இல்லை. ஓடியது. கொஞ்சம் இருமியது, கரும்புகை விட்டது, பாலத்து மேட்டில் ஏறும்போது முனகியது. ஆனால் பாதிச் செலவில் ஓடியது. துரைராசுவுக்கு அந்தப் பாதிதான் முக்கியம்.

உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்பது அவருக்குப் புதிதும் அல்ல. ஆட்சி மாறிய மறுமாதமே கதர்த் துண்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுக் கறுப்பு சிவப்புக் கரை வேட்டிக்கு மாறியவர் அவர். நிலத்துக்கு உச்சவரம்பு பதினைந்து ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று சட்டம் வந்தபோது, இருந்த தொண்ணூறு ஏக்கரையும் மருமகன், மைத்துனி, சமையல்காரர், இன்னும் பேர் வைக்காத பேரப்பிள்ளை என்று ஆளுக்குக் கொஞ்சமாக எழுதிவைத்துவிட்டு, நானும் சிறு விவசாயிதான் என்று கூட்டங்களில் பேசினார். கேட்டவர்கள் கைதட்டவும் செய்தார்கள்.

மாசி பிறந்த மூன்றாம் நாள் காரில் சத்தம் வந்தது.

முதலில் கேட்டது டிரைவர் உலகநாதன். சுளகில் உமி புடைக்கிற மாதிரி இருக்கிறது என்றான். பின் சீட்டில் உட்கார்ந்திருந்த துரைராசுவுக்கு அது யாரோ காலுக்கடியில் பல்லைக் கடிக்கிற மாதிரி கேட்டது. கும்பகோணத்தில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டினார்கள். வால்வில் இடைவெளி கூடிவிட்டது என்று சொல்லி மூடியைத் திறந்து மூடினார்கள். பாபநாசத்தில் ஒருவர் டைமிங் செயின் என்றார். படகு இன்ஜினில் செயினே கிடையாது, பல்சக்கரம்தான் என்று உலகநாதன் சொன்னதும் அவர் கோபித்துக்கொண்டார். கடைசியில் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: கடலில் ஓடவேண்டியதைத் தரையில் ஓடவிட்டால் இப்படித்தான், மாற்றி வைத்தவனைக் கேளுங்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை. ஆனால் பழி என்னவோ காயாரோகணத்தின் தலையில்தான் வந்து உட்கார்ந்தது.

காயாரோகணம் கடற்கரைக்காரன். அப்பா கட்டுமரத்தில் போனவர். நாகப்பட்டினத்துக்கு விசைப்படகுகள் வந்த காலத்தில் இவன் வலையை விட்டுவிட்டு ஸ்பேனரைப் பிடித்தான். பதினைந்து வருஷம் படகு இன்ஜின் பார்த்துவிட்டு, டிராக்டரும் பம்புசெட்டும் பெருகிய பிறகு கீழ்வேளூர் மெயின் ரோட்டோரம் கீற்றுக்கொட்டகை போட்டு உட்கார்ந்துவிட்டான். எந்த நெல் எது என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. சோறானபிறகு பழக்கம், அவ்வளவுதான்.

படகுத்துறையிலிருந்து அவன் கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு. எந்த இன்ஜினிலிருந்து எதைக் கழற்றினாலும், தேய்ந்த வாஷராக இருந்தாலும், பழைய பேப்பரில் பொதிந்து உடையவர் கையில் கொடுத்துவிடுவான். என்ன பழுது, எதனால் வந்தது, என்ன எடுத்தேன் என்று கார்பன் வைத்து எழுதி, 'வண்டியும் கழற்றிய சாமானும் பெற்றுக்கொண்டேன்' என்று அவர்களிடம் கையெழுத்தும் வாங்கிக்கொள்வான். நல்ல சாமானை எடுத்துக்கொண்டு ஓட்டையைப் போட்டான் என்ற பேச்சு படகுத்துறையில் சுலபமாகக் கிளம்பும். பழுதைப் பற்றிப் பொய் எழுதவும் முடியாது. பொய் எழுதினால் படகு திரும்பி வராது, கரையில் நிற்கிற பெண்களுக்குப் பதில் சொல்லவேண்டும். கீழ்வேளூரில் கடல் இல்லை. இருந்தாலும் கை பழகிவிட்டது.

காரைக் கொண்டுவந்து விட்ட அன்று அவன் செய்யவேண்டியதை எல்லாம் செய்தான். நீள ஸ்குரூ டிரைவரின் முனையை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டான். ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகிற டீசல் குழாயைத் தளர்த்தி, எது நின்றால் சத்தம் நிற்கிறது என்று பார்த்தான். எதை நிறுத்தினாலும் அது தன்பாட்டுக்குச் சரசரவென்று கேட்டது. ஆயிலை வடித்து காந்தத்தை விட்டுத் துழாவினான். இரும்புத்தூள் இல்லை. கிளட்சை மிதித்தபோது மட்டும் சத்தம் ஒரு நிமிஷம் குரல் மாறியது. சரி, கிளட்ச் பக்கம் என்று நினைத்துக்கொண்டு, நாலு கல் ஓட்டிப் பார்க்கப் போனான். திரும்பி வரும்போது சத்தம் இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. இரண்டு நாள் வைத்திருந்து, ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல், சரியாகப் போய்விட்டது என்று திருப்பிக் கொடுத்தான்.

வீட்டுக்குப் போன காரில் விடிந்ததும் மறுபடி சத்தம்.

துரைராசு இந்தமுறை தானே வந்தார். காரை விட்டு இறங்காமல், கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டுப் பேசினார்.

"என்னப்பா, ஒன் ஷெட்டுல ஊமையாயிடுது, எங்க வீட்டுல பேசுது. நீ ஏதும் வித்தை காட்டுறியா?"

"இல்லீங்க ஐயா. எனக்கே புரியலீங்க."

"வியாழக்கிழமை நாகப்பட்டினத்துல எனக்குக் கேஸ். போன வாய்தாவுக்குக் கோர்ட்டு வாசல்ல வண்டி நின்னுக்கிட்டுக் கரகரங்குது, செங்கொடிக்காரப் பயலுவ நின்னு சிரிக்கிறானுவ. அதுக்குள்ள சத்தம் நிக்கணும். நிக்கலைன்னா கொட்டகையப் பிரிச்சுக்கிட்டு ஒன் கடலுக்கே போயிடு. ஆமா சொல்லிட்டேன்."

கொட்டகை நின்ற பத்துக் குழி இடம் துரைராசுவுடையது. எட்டு வருஷமாக வாடகை கொடுக்கிறான். வாய்ப்பேச்சுத்தான், காகிதம் ஒன்றும் கிடையாது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். அவனுடைய வளையோ அடுத்தவர் மண்ணில் இருந்தது.

அந்தக் கேஸ் ஊருக்கே தெரிந்த கேஸ். பக்கத்து டீக்கடைப் பொன்னுத்தாய் நாளைக்கு மூன்று தடவையாவது அதைச் சொல்லுவாள். துரைராசுவின் நிலத்தில் கிழக்கே, உப்பாற்றை ஒட்டி, இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு உழுகிறவள் எல்லையம்மாள். புருஷன் இல்லை. பதினொரு வருஷமாக அவள்தான் நடுகிறாள், அறுக்கிறாள், விளைந்ததில் துரைராசுவின் பங்கை அளக்கிறாள். குத்தகைதாரரைச் சும்மா எழுப்ப முடியாது, பங்கு அளக்காமல் பாக்கி வைத்தால்தான் எழுப்பலாம் என்று சட்டம் சொன்னது. அதனால் துரைராசு ஒரு சுலபமான காரியம் செய்தார். நெல்லை வாங்கிக்கொண்டார், ரசீது கொடுக்கவில்லை. இந்தத் தையில் களத்தில் பதினெட்டு மூட்டை அளந்தேன் என்றாள் எல்லையம்மாள். ஒரு மணிகூட வரவில்லை, வேண்டுமானால் என் பத்தாயத்தைத் திறந்து பாருங்கள் என்றார் துரைராசு. திறந்து பார்த்தார்கள். அவள் நெல் அங்கே இல்லை. எல்லையம்மாள் மஞ்சள் பையைக் கையில் இடுக்கிக்கொண்டு வாய்தாவுக்கு வாய்தா டீக்கடை எதிரில் பஸ்ஸுக்கு நிற்பாள். காயாரோகணம் அவளைப் பார்த்திருக்கிறான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவன் எந்தக் கொடியிலும் இல்லை. இன்ஜினுக்குக் கொடி கிடையாது என்பது அவன் சித்தாந்தம்.

செவ்வாய்க்கிழமை காலை உலகநாதனை உட்காரவைத்து, டாக்டர் நோயாளியைக் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டான்.

"எப்ப ஜாஸ்தி?"

"காலையில முதல் ஸ்டார்ட்டுல. அப்ப காது கூசும்."

"அப்பறம்?"

"ஒரு பத்து கல் ஓடினா கொறஞ்சுடும். மத்தியானம் சுத்தமா இருக்காது. மறுநா காலையில பழையபடி."

"ராத்திரி வண்டி எங்க நிக்கும்?"

"கார் ஷெட்டுலதான். வேற எங்க நிக்கும்?"

"என்கிட்ட ரெண்டு ராத்திரி நின்னுச்சு. ரெண்டு காலையும் சத்தம் இல்லியே."

உலகநாதன் யோசித்துவிட்டு, "வீட்டம்மா செய்வினைங்கிறாங்க. எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னாங்க, கட்டியிருக்கேன்" என்றான்.

காயாரோகணத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்குள் ஏதோ ஒன்று பல்லில் பல் பொருந்துகிற மாதிரி பொருந்திக்கொண்டிருந்தது. வியாதி வண்டியில் இல்லை, வீட்டில் இருக்கிறது. ராத்திரியில் ஏறுகிறது, பகலில் ஓட ஓட இறங்கிவிடுகிறது. ஓடினால் கலைந்துவிடும் என்றால், ஓடாமல் பார்க்கவேண்டும்.

"நாளைக்கு விடிஞ்சதும் வண்டியக் கொண்டா. ஆனா சாவியப் போடாத. இன்ஜின் ஒரு சுத்துகூடச் சுத்தக்கூடாது."

"பின்ன எப்படிக் கொண்டார்றது?"

"மாட்டப் பூட்டி இழுத்துக்கிட்டு வா."

துரைராசு இதற்கு எப்படிச் சம்மதித்தார் என்பது இன்றுவரை கீழ்வேளூரில் ஒரு ஆச்சரியம். மறுநாள் வாய்தா என்ற பயம்தான். புதன்கிழமை காலை, கறுப்பு சிவப்புக் கொடி பறக்கிற அம்பாசிடரின் முன்னால் இரண்டு உழவுமாடுகள் அசைபோட்டுக்கொண்டு மெயின் ரோட்டில் வந்தன. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உலகநாதன் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரோட்டில் உளுந்து காயவைத்திருந்தவர்கள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு நின்றார்கள். இன்ஜின் மாற்றினாலும் மாற்றினார், இப்போதுதான் சரியான இன்ஜின் அமைந்திருக்கிறது என்று பஸ் ஸ்டாண்டில் ஒருவர் சொன்னார். நாலு பேர் சிரித்தார்கள். மாடுகள் எதையும் கண்டுகொள்ளவில்லை.

பொன்னுத்தாய் டீயாற்றுவதை நிறுத்திவிட்டு வந்து நின்றாள். காயாரோகணமும் உலகநாதனும் காரைக் கட்டைமேல் தூக்கி நிறுத்தி, அடியில் படுத்து, கியர் பாக்ஸின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் கிளட்ச் சுற்றுவதற்கு மணிமாதிரி ஒரு கூடு உண்டு, பெல் ஹவுசிங் என்பார்கள். படகு இன்ஜினை அம்பாசிடர் கூட்டோடு சேர்க்கக் காயாரோகணம் கனத்த இரும்புத்தட்டு ஒன்றை அறுத்து நடுவில் வைத்திருந்தான். கியர் பாக்ஸ் அரை அடி பின்னால் நகர்ந்ததும் அந்தக் கூட்டுக்குள்ளிருந்து அவன் முகத்தின் மேலேயே கொட்டியது.

நெல்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கை உள்ளே விட்டுப் பார்த்தான். கூட்டின் அடியில் புதுநெல் குவிந்திருந்தது. அதற்கடியில் உமி, தவிடு, கந்தல் துணி, எலிப்புழுக்கை. நெல் கொட்டி வைத்த இடத்தில் காலையில் சக்கரம் சுற்றினால் சத்தம் வராமல் என்ன செய்யும். பாதி பறந்து வெளியே போகும், பாதி அரைபடும். மறுநாள் ராத்திரி எலி திரும்பக் கொண்டுவந்து நிரப்பும். அலுக்காத எலி.

எந்த வழியாக வந்தது என்று தேடினான். தேடுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. பெட்ரோல் இன்ஜினின் ஸ்டார்ட்டர் உட்காருகிற ஓட்டை கூட்டின் பக்கவாட்டில் இருந்தது. புது இன்ஜினுக்கு ஸ்டார்ட்டர் மறுபக்கம். பழைய ஓட்டைக்குத் தகடு வெட்டி அடைக்கவேண்டும் என்று அன்றைக்கு நினைத்தான். பொங்கலுக்குள் வண்டி வேண்டும் என்று துரைராசு நெருக்க, ஒரு மரக்கட்டையைச் செருகிவிட்டு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். கட்டை அதிர்ந்து அதிர்ந்து எங்கேயோ விழுந்திருக்கிறது. அவனுக்குக் காதுமடல் சூடாகியது. மாசம் முழுக்க இன்ஜின்மேல் குற்றம் இல்லை, வேலையில் குற்றம் இல்லை என்று ஊரெல்லாம் சாதித்தவன் அவன்தான்.

பொன்னுத்தாய் குனிந்து கொஞ்சம் அள்ளி உள்ளங்கையில் வைத்து ஊதினாள். உமி பறந்தது. அரைபட்டு வெளிவந்த அரிசி மட்டும் நின்றது. செக்கச் செவேலென்று இருந்தது.

"அண்ணே, இது குடவாழை."

"அப்படின்னா?"

"செவப்பு அரிசி. உப்புத்தண்ணி ஏறுற நெலத்துக்கு இது ஒண்ணுதான் தாங்கும். இந்தப் பக்கத்துல எல்லாரும் கவர்மெண்டு வெதைக்குப் போயாச்சு. துரைராசு ஐயா நெலத்துல இதப் போடுற ஆளு ஒரே ஆளுதான்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "எல்லையம்மா."

காயாரோகணம் உலகநாதனைப் பார்த்தான். உலகநாதன் மாடுகளைப் பார்த்தான்.

"கார் ஷெட்டுல என்னப்பா இருக்கு?"

"என்னக் கேக்காதீங்க. பின்செவுத்தோரம் தார்ப்பாய் போட்டு மூடி இருக்கு. எண்ணி வச்சேன், பதினெட்டு. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு, அவ்வளவுதான் சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டு மாடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

பொன்னுத்தாய் கடையிலிருந்து உழக்கை எடுத்துவந்தாள். நெல் என்று கண்டால் அளக்காமல் அவளால் இருக்க முடியாது. லாபம், ரெண்டு, மூணு என்று பேப்பரில் கொட்டினாள். முதல் அளவை ஒன்று என்று சொல்லக்கூடாது, லாபம் என்றுதான் சொல்லவேண்டும், அது களத்து வழக்கம். மூன்று உழக்கு, முக்கால் படி.

"பத்தாயத்துல இல்லாத நெல்லு கிளட்சுல இருக்கு. என்ன பண்ணப்போற அண்ணே?"

"வண்டியத் திரும்பப் பூட்டப்போறேன்" என்றான் காயாரோகணம்.

அன்று பகல் முழுக்க அவன் தகடு வெட்டினான், ராவினான், ஓட்டையில் வைத்து நாலு போல்ட் போட்டு முடுக்கினான். எலி என்ன, எறும்பு போக முடியாது. கை வேலை செய்துகொண்டிருந்தபோது மனசு சும்மா இருக்கவில்லை. கிளட்ச் பேரிங் போய்விட்டது, மாற்றிவிட்டேன் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். துரைராசு சந்தோஷமாகப் போவார். கொட்டகை நிற்கும். தன் ஓட்டையும் வெளியே தெரியாது. நெல்லைப் பொன்னுத்தாயின் கோழிகளுக்குப் போட்டால் பத்து நிமிஷத்தில் சாட்சியமும் தீர்ந்தது. அவனுக்கு எல்லையம்மாள் அக்காளும் இல்லை, தங்கையும் இல்லை. இப்படி நினைக்க நினைக்க அவனுக்குக் கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. எலிமேல் என்று வைத்துக்கொண்டான்.

நாலு மணிக்குத் துரைராசு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். டவுன் பஸ்ஸில் ஏறி வெகுகாலம் ஆகியிருந்தது. யாரோ காலை மிதித்திருக்கிறார்கள். அந்தக் கோபத்தோடு வந்து நின்றார். காயாரோகணம் காரை ஸ்டார்ட் செய்தான். இன்ஜின் படகுத்துறைக் குரலில் ஒருமுறை இருமிவிட்டு, சீராக ஓட ஆரம்பித்தது. சரசரப்பு இல்லை.

துரைராசுவின் முகம் மலர்ந்தது. "என்னதான் இருந்துச்சு?"

"எலிங்க ஐயா. பழைய ஸ்டார்ட்டர் ஓட்டைய நான் சரியா அடைக்காம விட்டுட்டேன். என் தப்புத்தான். அந்த வழியா நெல்லக் கொண்டாந்து சேத்து வச்சிருக்கு." பேப்பர்ப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினான். "குடவாழைங்க."

துரைராசு வயிறு குலுங்கச் சிரித்தார். "எனக்கு எவனும் ஒழுங்கா அளக்கறதில்ல, எலியாவது அளக்குதே."

"குடவாழைங்க ஐயா" என்றான் காயாரோகணம் மறுபடியும்.

"வாழையோ தாழையோ, நெல்லுதானய்யா."

அப்போதுதான் காயாரோகணத்துக்கு விளங்கியது. இவருக்குத் தெரியவில்லை. தொண்ணூறு ஏக்கர் வைத்திருந்தவருக்கு, வரப்பில் கால் வைக்காமலேயே அறுபது வயதானவருக்கு, தன் நெல் எது என்று கடற்கரைக்காரனைப் போலவே தெரியவில்லை. எல்லாம் காரியக்காரர் பார்த்துக்கொள்வார். காரியக்காரர் இங்கே இல்லை.

"எழுதிக் குடு" என்றார் துரைராசு. "என்னத்தால வந்துச்சு, என்ன பண்ணின, எல்லாம் எழுது. இனிமே சத்தம் வந்தா எடத்தக் காலி பண்ணிடுறேன்னு அதையும் எழுது. வாய்ப்பேச்செல்லாம் நமக்கு ஆவாது."

வாய்ப்பேச்சு ஆகாது என்று அவர் சொன்னதைப் பொன்னுத்தாய் கேட்டுவிட்டு, டம்ளரைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

காயாரோகணம் கார்பனைச் செருகி எழுதினான். தன் ஓட்டையை முதலில் எழுதினான், அதை எழுதுவது சிரமமாகத்தான் இருந்தது. அந்த வழியாக எலி, உடையவர் கார் ஷெட்டிலிருந்து, என்று எழுதி வந்து நிறுத்தினான். இனி 'நெல்' என்று எழுதலாம். அதில் பொய் இல்லை, நெல்தான். படகுத்துறையில்கூட அதைக் குற்றம் சொல்லமாட்டார்கள். ஆனால் பதினைந்து வருஷத்தில் அவன் 'போல்ட்' என்று மட்டும் எழுதியதில்லை, எந்த போல்ட் என்று எழுதுவான். பயமாகத்தான் இருந்தது. 'குடவாழை நெல் முக்கால் படி' என்று எழுதினான்.

எழுதியதைப் படித்தும் காட்டினான், ஒரு வார்த்தை விடாமல். குடவாழை என்ற இடத்தில் துரைராசு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காலி செய்துவிடுகிறேன் என்ற இடத்தில் மட்டும் தலையாட்டினார். பிறகு, அவன் நீட்டிய இடத்தில், 'வண்டியும் கழற்றிய சாமானும் பெற்றுக்கொண்டேன்' என்பதற்குக் கீழே, சுழித்துக் கையெழுத்துப் போட்டார். எத்தனையோ பேரிடம் என்ன ஏது என்று சொல்லாமலே கைநாட்டு வாங்கிய மனுஷன். தனக்கு வந்த காகிதத்தில் அவர் பார்த்தது தனக்கு வேண்டிய வரியைத்தான். பொட்டலத்தை வாங்கிக் கோழிகளுக்கு வீசிவிட்டுக் காரில் ஏறினார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு எல்லையம்மாள் மஞ்சள் பையோடு எதிரில் நின்றாள். காயாரோகணம் புத்தகத்திலிருந்து கார்பன் நகலைக் கிழித்தான். ரோட்டைக் கடக்கும்போது திரும்பித் தன் கொட்டகையை ஒருமுறை பார்த்துக்கொண்டான். பழைய கீற்றுத்தான், இந்த வருஷம் மாற்றவேண்டும் என்று நினைத்திருந்தான்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவன் படித்துச் சொன்னான். ஓட்டை, எலி, கார் ஷெட் என்று போகும்போது எதற்கு இந்தக் கதை என்பதுபோல் பார்த்தவள், குடவாழை என்றதும் காகிதத்தின் பக்கம் குனிந்தாள்.

"கீழ இருக்கே தம்பி, கோணல் மாணலா, அது யாரு கையெழுத்து?"

"அவருதுதான்."

"என் நெல்லுக்கா போட்டாரு?"

"முக்காப் படிக்கு."

அவள் காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். நெல்லில் பதர் பார்க்கிற மாதிரி விரலால் அந்தக் கையெழுத்தைத் தடவினாள். "பதினோரு வருஷமா அளந்திருக்கேன்" என்றாள். "அவரு கையெழுத்து எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் தெரியுது."

பஸ் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள்.

அப்புறம் பதினெட்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. காயாரோகணம் ஒரு டிராக்டரைப் பிரித்துப் பூட்டினான், இரண்டு பம்புசெட் பார்த்தான். கேஸ் என்ன ஆயிற்று என்று பொன்னுத்தாய்க்கே சரியாகத் தெரியவில்லை. கார் ஷெட்டைப் பார்க்கத் தாலுகா ஆபீஸிலிருந்து ஆள் போனதாகச் சொன்னாள். போகவில்லை என்று இன்னொருவர் சொன்னார்.

பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பாலத்துப் பக்கமிருந்து அம்பாசிடர் வருகிற சத்தம் கேட்டது. காயாரோகணம் குனிந்திருந்த வேலையை விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். மேட்டில் ஏறும்போது முனகல், அது வழக்கம்தான். கியர் மாற்றும்போது ஒரு சின்ன இருமல். சரசரப்பு இல்லை. கிளட்ச் பக்கம் சுத்தம். நம் வேலை நிலைத்துவிட்டது என்று அவனுக்கு மனசு நிறைந்தது.

கார் கொட்டகை வாசலில் நின்றது. உலகநாதன் இறங்கினான். பின் கதவைத் திறந்துகொண்டு மூன்று ஆட்கள் கடப்பாறையும் அரிவாளுமாக இறங்கினார்கள். ஒருவன் வந்த வேகத்திலேயே கூரையில் கை வைத்து, எந்தப் பக்கம் கயிற்றை அறுப்பது என்று பார்த்தான்.

காயாரோகணம் உலகநாதனைப் பார்த்தான். "தீர்ப்பு வந்துடுச்சா?"

"வந்துடுச்சு அண்ணே" என்றான் உலகநாதன், தலையைக் குனிந்துகொண்டு. "கையெழுத்து உங்களுதானான்னு கோர்ட்டுல ஆபீசர் கேட்டாரு. ஐயா ஆமான்னு மிடுக்காச் சொன்னாரு. அப்பறம்தான் வக்கீல் படிச்சுக் காட்டுனாரு."

"எல்லையம்மா?"

"கோடை உழவுக்கு ஏர் பூட்டியாச்சு."

காயாரோகணம் கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டான். கூரையில் கை வைத்தவன் நடுக்கயிற்றை அறுக்கப் போனான். அதை முதலில் அறுத்தால் மொத்தமும் தலையில் விழும்.

"அது இல்லப்பா, ஓரத்துலேருந்து வா" என்றான் காயாரோகணம். "நடுவுல உள்ளதக் கடைசியா விடு." பிறகு ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய பேப்பரில் பொதிய ஆரம்பித்தான்.